அத்தியாயம் 7: தாள் வெளுக்கட்டும், கோடு நிற்கட்டும்

சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கடைசியாக நின்ற பழைய லயத்தை 2எச் பென்சிலால் வரைந்தேன். அன்று மாலையே கைப்பேசியில் படம் பிடித்து, தாளின் மஞ்சளும் என் கை நிழலும் மறையும்வரை வெளிச்சத்தைக் கூட்டி, முகநூலில் ஏற்றினேன். சில நாள் கழித்து மாரியம்மன் கோவில் திருவிழாவில், அந்த லயத்தில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“வீடு அப்படியே இருக்கு தம்பி. ஆனா வாசல்ல கொடி கட்டியிருப்போமே, அத வரையலையா?”

வரைந்திருந்தேன். வீடு திரும்பியதும் ஓவியப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தூணிலிருந்து தூணுக்கு, நடுவில் லேசாகத் தொய்ந்து, அந்தக் கொடிக்கயிறு தாளில் இருந்தது. மஞ்சளை நீக்க நான் வெளிச்சத்தைத் தள்ளியபோது, மஞ்சளோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கயிற்றைக் காப்பாற்றுவது பற்றியதுதான். கையால் வரைந்த படத்தை இணையத்தில் பகிருமுன் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் நாம் சுத்தம் செய்வது தாளை, வரைந்த கையை அல்ல. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், எந்தச் செயலியைப் பயன்படுத்தினாலும் படம் கெடாது.

எது அழுக்கு, எது கோடு

கணினியைத் திறக்குமுன் படத்தை மேசையில் வைத்து இரண்டு பட்டியல் எழுதுங்கள்.

நீக்க வேண்டியவை: தாளின் மஞ்சள் நிறம், படம் எடுக்கும்போது விழுந்த நிழல், அழிப்பான் துகள், விரல் ரேகை, பின்பக்கப் படத்தின் சாயல், தேத்தண்ணீர்க் கறை, புத்தகத்தின் தையல் ஓரம்.

விட வேண்டியவை: முதலில் தப்பாகப் போட்டு அதன்மேலேயே திருத்திய கோடு, சாய்ந்துவிட்ட தூண், ஓரிடத்தில் அழுத்தி ஓரிடத்தில் தளர்ந்த கை, நிழலுக்காக இழைத்த மெல்லிய கோடுகள், படத்தின் மூலையில் நீங்கள் எழுதிய இடப்பெயரும் தேதியும்.

திருத்திய கோட்டை ஏன் விட வேண்டும் என்று என் வகுப்பில் சிலர் கேட்பார்கள். லயத்துக் கூரையின் சரிவை மூன்று முறை தேடிப் பிடித்த தடம் அது. அந்தத் தடத்தை அழித்துவிட்டு ஒற்றைக் கோட்டை மட்டும் நிறுத்தினால், நேரில் உட்கார்ந்து வரைந்த படம் புகைப்படத்தின் மேல் தாள் வைத்து நகலெடுத்ததுபோல் ஆகிவிடும்.

தாளிலேயே முடிக்க வேண்டிய வேலை

கணினியில் அரைமணி நேரம் எடுக்கும் வேலை, தாளில் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே முதல் சுத்தம் தாளில்தான்.

நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். மை காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே காய்ந்திருக்காது. பேனாக் கோட்டின் அடியில் உள்ள பென்சிலை அன்றே அழிக்காதீர்கள். மறுநாள் அழியுங்கள். நீரில் கரையாத நிறமி மையுள்ள பேனாவாக இருந்தால், மேலே நீர்வண்ணம் தீட்டினாலும் கோடு ஓடாது.

பென்சில் படத்துக்குக் கட்டி அழிப்பானைவிட, மாவுபோல் பிசைந்து உருட்டக்கூடிய அழிப்பான் நல்லது. அதைத் தேய்க்க வேண்டாம். ஒற்றி எடுத்தால் போதும். கரி மட்டும் வரும், தாளின் தோல் உரியாது. துகளைக் கையால் தட்டாதீர்கள், உள்ளங்கை ஈரம் பென்சிலை இழுத்துக் கறையாக்கும். காய்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளுங்கள்.

அழிப்பானைப் பற்றி நம்மூர்க்காரர் தெரிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்து அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி 1770-இல், ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைத்த பொருள் பென்சில் கோட்டை நன்றாகத் துடைக்கிறது என்று குறித்து வைத்தார். தேய்த்துத் துடைக்கும் அந்த வேலையால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்று பெயர் வந்தது. அதன் பிறகு நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, 1896-இல், டான் சே யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரத்தை வணிகத்துக்காகப் பயிரிட்டார். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்து வந்த தோட்டங்களில் நிரை பிடித்துப் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். அந்த மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன, லயங்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. நாம் வரைவது அவற்றைத்தான். அதனால் அழிப்பானை எடுக்கும்போது ஒரு கணம் நிறுத்தி, எதை அழிக்கிறோம் என்று பார்த்துக்கொள்வோம்.

பேனாப் படத்தில் மை சிந்திவிட்டால் வெள்ளை ஜெல் பேனாவோ வெள்ளைப் போஸ்டர் வண்ணமோ தொட்டு மூடலாம். பெரிய பிழை என்றால், அதே தாளில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டி அதில் வரையுங்கள். ஒட்டின் ஓரம் பின்னால் கணினியில் மறைந்துவிடும்.

பத்திரிகை ஓவியர்கள் விட்டுச்சென்ற பாடம்

இணையத்துக்கு வெகுகாலம் முன்பே, கையால் வரைந்ததைப் பல்லாயிரம் பேர் பார்க்கும்படி தயார் செய்யும் வேலையைத் தமிழ்ப் பத்திரிகை ஓவியர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ‘ஆனந்த விகட’னில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஓவியர் சில்பி கோவில் சிலைகளைப் பேனாவால் வரைந்தார். அன்றைய கோட்டோவியங்கள் துத்தநாகத் தகட்டு அச்சுக்கட்டைகளாக மாறின. படத்தைத் தகட்டின் மேல் ஒளியால் பதித்து, கோடு இல்லாத இடத்தை அமிலத்தால் அரிப்பார்கள். அந்தத் தகட்டில் கறுப்பு உண்டு, வெறுமை உண்டு, சாம்பல் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் ஓவியர் கோடுகளை நெருக்கியும் புள்ளிகளை அடுக்கியும்தான் உண்டாக்க வேண்டும்.

அந்தத் தொழில்முறையிலிருந்து இரண்டு பழக்கங்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, காட்டப்போகும் அளவைவிடப் பெரிதாக வரைவது. அச்சில் படம் சுருங்கும்போது கையின் சிறு நடுக்கமும் சுருங்கும். கைப்பேசித் திரையில் உள்ளங்கையளவு தெரியப்போகும் படத்தை ஏ4 தாள் முழுக்க வரையுங்கள்.

இரண்டாவது, அடிக்கோட்டை வெளிர்நீலப் பென்சிலால் போடுவது. அச்சுக்கூடக் கேமராவின் படச்சுருள் வெளிர்நீலத்தைத் தாளின் வெள்ளையாகவே கண்டது. அதனால் அதை அழிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இன்று கணினியிலும் அதே வித்தை பலிக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

படம் பிடித்தல்

பிழைகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இந்த வரிசை:

1. காலை ஒன்பது, பத்து மணிக்குக் கடை அஞ்சடியிலோ வீட்டு வாசலிலோ, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் தாளை வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கவாட்டிலிருந்து வரட்டும். தலைக்கு மேலே விளக்கு இருந்தால் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தால் பிறகு நிறத்தைச் சரிசெய்வது கடினம்.

2. பிளாஷ் வேண்டாம். பென்சில் கரிக்குப் பளபளப்பு உண்டு. நேர் வெளிச்சம் பட்டால் அடர்ந்த நிழல் பகுதிகள்தான் முதலில் வெள்ளையாக மின்னும்.

3. கைப்பேசியைத் தாளுக்கு மிக அருகே கொண்டுபோகாதீர்கள். அகன்ற லென்ஸ் ஓரங்களை வளைக்கும், நேராக நின்ற தூண் வயிறு தள்ளி நிற்கும். இரண்டடி உயரத்தில் பிடித்து, இருமடங்கு பெரிதாக்கி எடுங்கள்.

4. கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டு, தாளின் நான்கு ஓரமும் அவற்றுக்கு இணையாக வரும்படி பாருங்கள். இரண்டு விநாடி டைமர் வைத்தால் விரல் அழுத்தும் அசைவு படத்தில் ஏறாது.

5. பக்கத்தில் புதிய வெள்ளைத் தாள் ஒரு துண்டு வையுங்கள். எது உண்மையான வெள்ளை என்று பின்னால் கணினிக்குக் காட்ட அது உதவும்.

ஆவணங்களை வருடும் செயலிகள் பல உண்டு. ரசீதுக்கும் கடிதத்துக்கும் அவை அருமை. பென்சில் படத்துக்கு அவற்றின் ‘ஆவண’ வடிகட்டியைப் போடாதீர்கள். எழுத்தைக் கறுப்பாக்கி மற்றதையெல்லாம் வெள்ளையாக்குவதே அதன் வேலை. மெல்லிய கோட்டை அது துண்டு துண்டாகக் கிழித்துவிடும்.

ஸ்கேனர் இருந்தால் அதுவே மேல். பேனாப் படமானாலும் பென்சில் படமானாலும் ‘கறுப்பு வெள்ளை’ முறையைத் தவிர்த்து, வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ எடுங்கள். ‘தானாகச் சரிசெய்’ என்பதை அணைத்துவிடுங்கள். திரையில் காட்ட 300 டிபிஐ போதும். ஏ4 தாள் 2480-க்கு 3508 புள்ளிகளாக வரும். ஒருநாள் அச்சிடலாம் என்று தோன்றினால் 600 டிபிஐ எடுத்து வையுங்கள். பின்பக்கப் படம் தெரிந்தால் தாளின் முதுகில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். சாயல் பெருமளவு அடங்கிவிடும்.

எடுத்த முதல் கோப்பைத் தொடாமல் தனி அடைவில் வையுங்கள். வேலையெல்லாம் நகலில்தான். என் கொடிக்கயிறு திரும்பி வந்தது தாள் கையில் இருந்ததால். தாளைக் கரையான் தின்றிருந்தால், மூலக் கோப்பு ஒன்றே கதி.

வெளுக்கும் வேலை

இதற்கு ‘கிம்ப்’ என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மென்பொருள்களிலும் இதே கருவிகள் வேறு இடத்தில் இருக்கும்.

‘லெவல்ஸ்’ கருவியைத் திறந்தால் மலைத்தொடர்போல் ஒரு வரைபடம் தெரியும். இடக்கோடி கறுப்பு, எண் 0. வலக்கோடி வெள்ளை, எண் 255. படத்தில் எந்த அளவு வெளிச்சம் எத்தனை புள்ளிகளுக்கு இருக்கிறது என்பதே அந்த மலை. வலப்பக்கம் ஒரு பெரிய மேடு இருக்கும். அதுதான் தாள். இடப்பக்கம் பரவிக் கிடக்கும் சிறு குன்றுகள்தான் கோடுகள்.

கீழே மூன்று முக்கோணங்கள் உண்டு. வலக்கோடி வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் நகர்த்தினால் தாள் வெளுக்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம்.

பேனாப் படத்தில், தாள் மேட்டின் இடப்பக்க அடிவாரத்தில் நிறுத்தலாம். பேனாக் கோடு அந்த மேட்டிலிருந்து வெகுதூரம் இடப்பக்கம் இருக்கிறது, அதற்குச் சேதமில்லை.

பென்சில் படத்தில் அடிவாரம்வரை போகக் கூடாது. மெல்லிய கோடுகள் எல்லாம் தாள் மேட்டின் அந்தச் சரிவிலேயே வாழ்கின்றன. மேட்டின் உச்சியிலேயே நிறுத்துங்கள். தாள் பால்வெள்ளையாக வராது, லேசான சாம்பலும் இழையும் தெரியும். தெரியட்டும். நான் அன்று அடிவாரத்தையும் தாண்டித் தள்ளினேன். கயிறு இருந்த இடமே அந்தச் சரிவுதான்.

கோடு வெளிறித் தெரிந்தால் கறுப்பு முக்கோணத்தை அதிகம் இழுக்காதீர்கள். பென்சில் என்றும் முழுக் கறுப்பு ஆவதில்லை. அதை வலுக்கட்டாயமாகக் கறுப்பாக்கினால் மணல் கொட்டியதுபோல் சொரசொரக்கும். நடு முக்கோணத்தை மட்டும் சற்று வலப்பக்கம் தள்ளுங்கள். இடைநிறங்கள் இருண்டு, கோடு மெல்ல எழுந்து நிற்கும்.

ஒரு மூலை இருண்டிருந்தால்

கைப்பேசிப் படத்தில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டிருப்பது வழக்கம். லெவல்ஸ் எல்லா இடத்தையும் ஒரே அளவில் நகர்த்துவதால், இருண்ட மூலையை வெளுக்கும்போது வெளுத்த மூலையில் கோடு கரையும். அப்போது இப்படிச் செய்யுங்கள்.

படத்தின் அடுக்கை நகலெடுங்கள். மேல் நகலுக்குக் காஸியன் மங்கலை 80, 100 என்று பெரிய அளவில் கொடுங்கள். கோடெல்லாம் கரைந்து, வெளிச்சமும் நிழலும் மட்டும் மூட்டமாகத் தெரியும்வரை கூட்டலாம். பிறகு அந்த அடுக்கின் முறையை ‘டிவைட்’ என்று மாற்றுங்கள். கீழ்ப்படம் மேல்மூட்டத்தால் வகுபடும். நிழல் இருந்த இடத்தில் நிழலால் வகுப்பதால் தாள் எங்கும் ஒரே வெண்மையாகும், கோடு நிற்கும். அதன் பிறகு லெவல்ஸை லேசாகத் தொட்டால் போதும்.

ஓர் எச்சரிக்கை: கறுப்பாகப் பூசி நிரப்பிய பெரிய பகுதி இருந்தால் அதன் நடு வெளிறிவிடும். இருட்டுக் கதவு, இரவு வானம் உள்ள படங்களுக்கு இந்த முறை வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் மறுபடி படம் எடுப்பதே சரி.

கறையும் நீலக்கோடும்

வண்ணத்தில் எடுத்த படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனிச் சாம்பல் படங்கள் இருக்கின்றன. ‘மோனோ மிக்சர்’ கருவியில் ஒன்றுக்கு மட்டும் 1 கொடுத்து மற்ற இரண்டுக்கும் 0 கொடுத்தால் அந்த ஒரு படம் மட்டும் கிடைக்கும்.

மஞ்சளேறிய தாள், தேத்தண்ணீர்க் கறை, ஈரத்தில் வந்த பழுப்புப் புள்ளி ஆகியவை சிவப்புப் படத்தில் மிக வெளிறித் தெரியும். எனவே பழைய தாளுக்குச் சிவப்பை வையுங்கள். வெளிர்நீல அடிக்கோடு நீலப் படத்தில் ஏறக்குறைய மறையும். அதற்கு நீலத்தை வையுங்கள். கறுப்பு மை மூன்றிலும் கறுப்பாகவே நிற்கும். அழிக்காமலே அழிப்பது இதுதான்: தாளில் எதுவும் போகவில்லை, மூலக் கோப்பிலும் எதுவும் போகவில்லை.

எஞ்சிய தூசுப் புள்ளிகளைப் படத்தை இருமடங்கு பெரிதாக்கி, இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் பார்த்து, குணப்படுத்தும் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுங்கள். கோட்டின் மேல் இருக்கும் புள்ளியை விட்டுவிடுங்கள். தூசா, பேனா நின்ற இடமா என்று சந்தேகம் வந்தால் தாளைப் பாருங்கள்.

வண்ணப் படங்கள்

மலாக்காப் பட்டணத்து ஸ்டாட்ஹைஸின் சிவப்பு, தாபோ நானிங் பக்கத்து மலாய் வீட்டுப் படிக்கட்டின் பூவோடு, ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோவிலின் கோபுரம் என்று நீர்வண்ணத்தில் வரைபவர்கள் வெளிச்சத்தைத் தொடுமுன் நிறத்தைச் சரிசெய்யுங்கள். லெவல்ஸில் வெள்ளைத் துளிசொட்டியை எடுத்து, பக்கத்தில் வைத்த வெள்ளைத் தாள் துண்டில் ஒருமுறை சொடுக்குங்கள். மஞ்சள் சாயம் அகலும். பிறகு தாளைக் கையில் பிடித்துத் திரையோடு ஒப்பிடுங்கள். நிறச்செறிவைக் கூட்டும் ஆசை வரும். கூட்டினால் சிவப்பு முதலில் ரோஜா நிறமாகும், வானத்தின் மெல்லிய நீலப் பூச்சில் திட்டு விழும். தாளில் உள்ள அளவோடு நிறுத்துங்கள்.

அளவு, கோப்பு, பெயர்

இன்ஸ்டாகிராமுக்கு 1080 புள்ளி அகலம், நெடுக்குப் படமானால் 1080-க்கு 1350 ஏற்றது. சுருக்கியபின் கூர்மையை மிகச் சிறிதளவு மட்டும் கூட்டலாம். பேனாக் கோட்டோவியத்தைப் பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் கோட்டின் ஓரத்தில் கொசுக்கூட்டம்போல் புள்ளிகளை உண்டாக்கும். பென்சிலுக்கும் வண்ணத்துக்கும் உயர்தர ஜேபெக் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். மூலத்தரம் வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

கோப்புக்கு இடம், பொருள், தேதி என்ற வரிசையில் பெயர் வையுங்கள். கையொப்பம் படத்தின் ஓர் ஓரத்தில், கோட்டின் எடைக்கு ஒத்ததாக இருக்கட்டும். நடுவில் பெரிய நீர்க்குறி போட்டால் திருடுவதைத் தடுக்கலாம், பார்ப்பதையும் தடுத்துவிடும். சிறிய அளவில் மட்டும் ஏற்றுவதே நல்ல காவல்.

கைப்பேசி எடுத்த கோப்பில் இருப்பிடத் தகவல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டில் எடுத்த படமென்றால் அதை நீக்குங்கள். படத்தில் வீட்டு எண்ணும் வாகன எண்ணும் தெளிவாக இருந்தால் மங்கலாக்குங்கள். நாம் பகிர வந்தது இடத்தின் முகத்தை, ஒருவரின் முகவரியை அல்ல. தோட்டம் தனியார் நிலம் என்பதால், வரையப் போகும்போதே வாசலில் ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போவதும், ஆட்களை வரைந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டுப் பகிர்வதும் நம் கடமை.

பயிற்சி

உங்கள் பழைய பென்சில் படம் ஒன்றை எடுங்கள். இரண்டு நகல் செய்யுங்கள். ஒன்றில் வெள்ளை முக்கோணத்தைத் தாள் மேட்டின் அடிவாரம்வரை தள்ளுங்கள். மற்றதில் உச்சியிலேயே நிறுத்துங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, முதலாவதில் எந்தெந்தக் கோடுகள் போய்விட்டன என்று தாளைப் பார்த்து எழுதுங்கள். குறைந்தது ஐந்தாவது கண்டுபிடிப்பீர்கள்.

பிறகு இரண்டாவது நகலை, அந்த இடத்தில் வாழ்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். பால் மங்கு கவிழ்த்து வைத்த திட்டு, கோவில் மணி தொங்கிய கிளை, தண்ணீர்க் குழாயடி என்று அவர்கள் சொல்வது தாளில் இருந்தால், படத்தை மறுபடி வெளுத்துப் பாருங்கள். தாளில் இல்லையென்றால் பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

திருத்திய படத்தைப் பாட்டியிடம் மறுமுறை கொண்டுபோனேன். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கக் கற்றுக்கொடுத்தேன். வாசலுக்குப் போய், தூணிலிருந்து தூணுக்கு விரலை நகர்த்தி, “இந்தா இருக்கு” என்றார்.